மங்கல் படம்

ஜவாஹிரின் படம் திரையில் விழுந்ததும் மண்டபத்தில் சிரிப்புக் கிளம்பியது.

நகரத்துப் பறவை நேசர் சங்கத்தின் மாதக் கூட்டம் அது; அன்று படப் போட்டியும் இருந்தது. படத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ குந்தியிருந்தது. பறவை என்றும் சொல்லலாம், உருளைக்கிழங்கு என்றும் சொல்லலாம்.

"நானா, இது நிலாவெளி உப்பளமா, நுவரெலியாப் பனியா?" என்று ஜவாஹிரைக் கேட்டார் பல் வைத்தியர் றுவைஸ்.

ஜவாஹிர் துறைமுகத்தில் எஞ்சினியர். கை நீளத்துக்கு லென்ஸ் வைத்திருந்தார். அது போதாதென்று, லென்சுக்கும் கமராவுக்கும் நடுவில் டெலிகன்வேட்டர் ஒன்றையும் பூட்டுவார். தூரத்துப் பறவையை இரண்டு மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி.

"பறவையை மட்டுமில்லை, பிழையையும் ரெண்டு மடங்காக்கும்," என்று, புதிதாகச் சேர்ந்திருந்த தனுஷிகா ரீச்சருக்கு றுவைஸ் விளக்கினார். "வெயில்ல நிலம் அலையடிக்கும், படம் கஞ்சியாப் போகும். அதைக் கழட்டிப்போட்டுக் கிட்டப் போய் எடுக்க நானாவுக்குப் பஞ்சி, சோம்பல்."

"பஞ்சிதான்," என்றார் ஜவாஹிர்.

"சனிக்கிழமை தவறாம உப்பளத்தில போய்க் காயுறீங்க. ஏதோ விசேஷம் இருக்கெண்டு நாங்களும் வர இருந்தனாங்க. நல்ல காலம், படத்தைக் காட்டினீங்க."

மறுபடியும் சிரிப்பு. ஜவாஹிரும் சேர்ந்து சிரித்தார்.

அடுத்தது றுவைஸின் படம். சல்லிக் கடற்கரையில் ஓர் உப்புக்கொத்திக் குருவி, ஒரு செட்டையை விரித்து, வாலை விசிறியாக்கி, மணலில் சரிந்து நின்றது. இறகுகளை எண்ணலாம். தலைப்பு, 'ஆனந்த நடனம்'.

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரமானது. உயிர்களிடத்தில் அன்பு வேண்டும் என்று தலைவர் நெகிழ்ந்து பேசி, முதல் பரிசை அறிவித்தார்.

"எப்பிடி சேர் அதை ஆட வைச்சீங்க?" என்று கேட்டாள் தனுஷிகா.

"நான் எங்க வைச்சனான்? கிட்டப் போகப் போக அதுவா ஆடிச்சு ரீச்சர். செட்டை முறிஞ்ச மாதிரி இழுத்து இழுத்து ஓடிச்சு. நானும் விடேல்ல. காலமை முழுக்கப் பின்னால திரிஞ்சு எடுத்தனான்."

"முட்டைக்கு என்ன நடந்தது?" ஜவாஹிர் கேட்டார்.

"எந்த முட்டை?"



தேத்தண்ணி நேரத்தில் ஜவாஹிர் வெளி விறாந்தையில் தனியே கதிரை போட்டு இருந்தார். தனுஷிகா பக்கத்தில் வந்தாள்.

"முட்டை எண்டு ஏன் கேட்டீங்க சேர்?"

"அடைகாக்கிற நேரம் ஆள் கிட்டப் போனா, அந்தக் குருவி காயம் பட்ட மாதிரி நடிச்சு, ஆளைக் கூட்டில இருந்து தூர இழுத்துக்கொண்டு போகும். அது திரும்பி வாற வரைக்கும் முட்டை வெயில்ல கிடந்து வேகும். அதுக்குத்தான் உள்ளுக்கு எல்லாரும் கைதட்டினாங்க."

"அப்ப நீங்க பஞ்சியில தூர நிக்கேல்ல. படம் பழுதானாலும் பரவாயில்லை எண்டு..."

ஜவாஹிர் சற்றுத் தயங்கினார். பிறகு கமராவின் பின்பக்கத்தை அவளிடம் திருப்பினார்.

அதே உப்பளம். அங்கேயும் ஓர் உப்புக்கொத்திக் குருவி. கண்ணில் காலை வெளிச்சம், காலில் ஒட்டிய உப்புத்தூள், எல்லாம் துலக்கமாக இருந்தன. நெஞ்சு இறகுக்குள்ளிருந்து ஒரு குஞ்சு தலை நீட்டியது. பக்கத்தில் இன்னும் பொரிக்காத முட்டை.

"இதுவும் அந்தக் கண்ணாடி போட்டுத்தான் எடுத்தீங்களா?"

"ஓம். வெயில் ஏற முதல், அசையாமக் கிடந்து எடுத்தா நல்லா வரும்."

"சேர், இதைக் குடுத்திருந்தா முதல் பரிசு உங்களுக்குத்தானே? ஏன் அந்த மங்கல் படத்தைக் குடுத்தனீங்க?"

ஜவாஹிர் மண்டபத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இதைக் காட்டினா, நாளைக்கு விடிய முழுச் சங்கமும் அங்க நேசிக்க வந்திரும், தங்கச்சி."