குடைக்கு விழுந்த ஒரு ஓட்டு

"ஒண்ணு! ஒரே ஒரு ஓட்டு, தலைவரே!"

செருப்பைக் கழற்றக்கூடத் தோன்றாமல் தலைவர் வீட்டுக்குள் வந்த பிரஸ்காரர், நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். ஊரில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருப்பவர். குடைக் கட்சிக்குச் செயலாளரும் அவர்தான், போஸ்டர் அடிப்பவரும் அவர்தான், ஆள் கிடைக்காத நாளில் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு போய் ஒட்டுபவரும் அவரேதான்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தலைவர் மெதுவாகத் திரும்பினார். "என்னய்யா சொல்றே? மொத்தத்துலயா?"

"மொத்தத்துல டெபாசிட் போச்சு. அது நமக்குப் பழகினதுதான், விடுங்க. நான் சொல்றது இந்தத் தெரு சாவடியை. நீங்க ஓட்டுப் போட்ட சாவடி! அதிகாரி மைக்கைப் பிடிச்சு, 'குடை... ஒன்று'ன்னு வாசிச்சாரு. ஓட்டு எண்ணின கூடமே கொல்லுன்னு சிரிச்சுது."

தலைவர் மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எதிர்க்கட்சிக்காரன் என் தோளைத் தட்டி, 'உங்க தலைவர் ஓட்டு பத்திரமா வந்துடுச்சு. அவர் வீட்டம்மா ஓட்டு எங்கேய்யா போச்சு?'ன்னு கேக்கறான். மேஜைக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கலாம் போல இருந்துது."

குடைக் கட்சிக்குத் தோல்வி ஒன்றும் புதிதில்லை. முதல் தேர்தலில் மூன்று பேர் ஜெயித்து, பெரிய கட்சிகளே கொஞ்சம் மிரண்டன. அடுத்த தேர்தலுக்குள் அந்த மூவரில் இரண்டு பேர் அந்தப் பெரிய கட்சிகளுக்கே தாவிவிட்டார்கள். அதற்கப்புறம் ஒரு தடவை இந்தப் பக்கம் கூட்டணி, ஒரு தடவை அந்தப் பக்கம். இரண்டு பக்கத்துக் கூட்டணிக்காரர்களுமே காரியம் முடிந்ததும் கழற்றி விட்டார்கள். பிறகு தனியாக நின்றது, தனியாகவே தோற்றது.

ஒவ்வொரு தோல்விக்கும் மறுநாள் காலையிலேயே தலைவர் சட்டையை மாட்டிக்கொண்டு அச்சகத்துக்கு வந்துவிடுவார். "அடுத்த தடவை பாருய்யா!" அந்த ஒரு வார்த்தைக்காகவே ஆளுங்கட்சி அச்சு வேலைகளை எல்லாம் வேண்டாம் என்று தள்ளியவர் பிரஸ்காரர். அதற்காக வீட்டில் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை.

தலைவரின் மனைவி டம்ளரில் தண்ணீரோடு வந்தாள். பிரஸ்காரர் அதைக் கையில் வாங்கவில்லை.

"அக்கா, கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. நீங்க குடைக்குப் போட்டீங்களா, இல்லையா?"

அவள் திடுக்கிட்டாள். "ஏம்ப்பா? என்ன ஆச்சு?"

"இந்தச் சாவடியில ஒரு ஓட்டுதான் விழுந்திருக்கு. அது தலைவரோடது. உங்களுது எங்கே?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பிறகு டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு, "நான் போடலப்பா" என்றாள்.

"அக்கா!"

"ஜெயிச்சா மறுபடியும் ராப்பகலா ஊர் சுத்தக் கிளம்பிடுவாரு. டாக்டர் அலையவே கூடாதுன்னு சொல்லியிருக்காரு. அதான்... வேற சின்னத்துல போட்டுட்டேன்."

பிரஸ்காரர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். தலைவர் ஒரு அதட்டல் போடுவார் என்று பார்த்தார். ஊஹூம். மனுஷன் அடிமேல் அடிவிழுந்து நொறுங்கிப் போயிருக்கிறார், பாவம் என்று நினைத்ததும் ஆத்திரம் இன்னும் பொங்கியது.

"நல்லா இருக்கு அக்கா, ரொம்ப நல்லா இருக்கு! தெருவுல இருக்கறவன் கைவிட்டா தாங்கிக்கலாம். கட்டின பெண்டாட்டியே கழுத்தறுத்தா அவர் யார்கிட்ட போய்ச் சொல்லுவாரு? ஒரு பட்டனை அமுக்கறதுக்கு உங்களுக்கு மனசு வரலையே!"

அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"போதும் தலைவரே. உங்க வீட்டுலயே ஓட்டு இல்லாத கட்சிக்கு நான் இனிமே எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போஸ்டர் ஒட்டறது? கட்சி போர்டை நாளைக்கு நானே வந்து கழட்டிடறேன்."

"என் மேல இருக்கிற கோபத்தை அவர் மேல காட்டாதப்பா" என்று அவள், விருட்டென்று வெளியே நடந்தவரின் பின்னாலேயே வாசல்வரை ஓடிவந்தாள். "என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டிட்டுப் போ. அவரை மட்டும் விட்டுட்டுப் போயிடாத. அவருக்குன்னு இருக்கறது நீ ஒருத்தன்தான்."

பிரஸ்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெருவில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரை உதைத்தார். ஆத்திரத்தில் உதைத்ததாலோ என்னவோ, அது கிளம்ப மறுத்தது.

"யோவ்... நில்லுய்யா."

தலைவர் மூச்சு வாங்க கேட்டருகே வந்து நின்றார். மனைவியை உள்ளே போகும்படி கையைக் காட்டினார். அவள் தயங்கித் தயங்கிப் போனாள்.

"அவளை இன்னொரு வார்த்தை பேசாதே. அவ பொய் சொல்றா."

"எதைப் பொய்ங்கறீங்க?"

"சாவடியை விட்டு வெளியே வந்ததும் மை வச்ச விரலைத் தூக்கிக் காட்டி, 'குடைக்குப் போட்டுட்டேங்க'ன்னு சின்னப் பிள்ளை மாதிரி சிரிச்சா. அந்த ஒரு ஓட்டு அவளோடதுய்யா."

பிரஸ்காரருக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. ஸ்கூட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்தார்.

"அப்போ உங்க ஓட்டு?"

தலைவர் கேட்டைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ளே போய் நின்னேன்யா. குடை எங்கே ஜெயிக்கப் போகுது, எதுக்கு வீணாக்கணும்னு... நானும் நினைச்சுட்டேன்."