கடைசி வரிசையில் ஒரு பெயர்

பொன்னழகு சொன்ன கதையை இனிகோ ஆறு வருஷமாக நம்பவும் முடியாமல், தூக்கிப் போடவும் முடியாமல் வைத்திருந்தான்.

நடந்தது 2003-ல், நாகல் நகரில் பொன்னழகு நடத்திய கேம் கடையில். வாசலோரம் காசு போட்டு ஆடும் பழைய சண்டை கேம் மெஷின் ஒன்று. உள்ளே புதிதாக நாலு கம்ப்யூட்டர். மெஷின் பக்கம் முப்பதை நெருங்கியவர்கள். கம்ப்யூட்டர் பக்கம் துப்பாக்கி கேம் ஆடும் காலேஜ் பையன்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஆகாது.

மெஷின் திரையில் வரும் பாயிண்ட் பட்டியலில் நாலு வருஷமாக முதல் இடம் கணக்கு வாத்தியார் இனிகோவுக்கு. பெயருக்கு மூன்று எழுத்துதான் இடம்: ஐ, என், ஐ. கரண்ட் நின்றால் அத்தனையும் அழிந்துவிடும். அதனால் கடையைப் பூட்டினாலும் பொன்னழகு மெஷினை அணைக்கமாட்டான். கரண்ட் போனால் இருந்த ஒரே பேட்டரியும் அதற்குத்தான்.

"டப்பா மெஷினுக்குப் பேட்டரி, எங்களுக்கு இருட்டா?" என்று பையன்கள் கத்துவார்கள். அதிகம் கத்துவது இனிகோவின் சித்தப்பா மகன் பிரின்ஸ்.

"அண்ணே, பொம்மையைக் குத்துறதெல்லாம் ஒரு கேமாண்ணே?"

"ஒளிஞ்சு நின்னு சுடுறது மட்டும் வீரமாக்கும்? போலே!"

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இனிகோ வந்தபோது முதல் இடத்தில் அவன் பெயர் இல்லை. மெஷின் புதிதாக வந்தபோது இருந்த பெயர்களே திரும்ப நின்றன. கடைசி வரிசையில் மட்டும், சின்னப் பிள்ளை எடுக்கிற பாயிண்டில், ஐ என் ஐ. மெஷின் முன்னால் பிரின்ஸ்.

"உங்க தம்பிதான் சார் பிளக்கைப் புடுங்கிட்டாப்ல," என்றான் பொன்னழகு. "உங்க பேரைக் கடைசியில போட்டுக் கிண்டல் வேற."

"அண்ணே, அது வந்து..."

அறை விழுந்தது. கடையே திரும்பிப் பார்த்தது.

"நாலு வருஷம்லே! உனக்கு நக்கலா இருக்கா? இனி அண்ணன்னு என் வாசப்படியை மிதிச்சே, காலை ஒடிச்சிருவேன்."

அடுத்த அறையைத் தடுக்கக் கையை உயர்த்தினான் பிரின்ஸ். உள்ளங்கையில் பெரிய கொப்புளம். இனிகோ அதைப் பார்த்தான். பார்த்தும் அடித்தான்.

பிரின்ஸ் கடையை விட்டு இறங்கிப் போனான். அதன் பிறகு அண்ணனிடம் பேசவே இல்லை.

இப்போது பிரின்ஸுக்குக் கல்யாணம். சித்தி கொண்டுவந்து கொடுத்த பத்திரிகையில் அண்ணன்மார் பெயர்கள் வரிசையாக இருந்தன. இனிகோவின் பெயர் முதலிலும் இல்லை, கடைசியிலும் இல்லை.

கோபம் தலைக்கேறியது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பத்திரிகையும் கையுமாக, பஸ் ஸ்டாண்ட் பக்கம் பொன்னழகு இப்போது வைத்திருக்கும் ரீசார்ஜ் கடைக்குப் போய் நின்றான்.

"உண்மையைச் சொல்லுய்யா. பிளக்கைப் புடுங்குனது யாரு?"

"பழசை எதுக்கு சார் இப்ப..."

"சொல்லுய்யா!"

பொன்னழகு கூப்பன்களை அடுக்குவதுபோல் குனிந்துகொண்டான்.

"யாரும் புடுங்கல. மத்தியானம் அரை மணி நேரம் கரண்ட் போச்சு. பேட்டரியைக் கம்ப்யூட்டருக்கு மாத்துனது நான்தான். உங்க கோவத்துக்குப் பயந்து அவன் பேரைச் சொல்லிட்டேன்."

இனிகோ தன் உள்ளங்கையைப் பார்த்தான். ஆடி ஆடிக் காய்த்த இடம் இன்னும் சொரசொரத்தது. கிண்டல் பண்ண ஒரு ஆட்டம் போதும். பழகாத கையில் கொப்புளம் போட, மணிக்கணக்கில் ஆட வேண்டும்.

ஆறு வருஷமாகக் கேட்கப் பயந்ததைக் கேட்டான்.

"அப்ப, நான் வர்றதுக்குள்ள என் பேரைத் திரும்ப மேல ஏத்திரணும்னுதான் ஆடிக்கிட்டிருந்தானா அவன்?"