இரண்டு கதவையும் சேர்த்து

கட்டிக்கொண்டிருந்த மாடி சரிந்தது. நஷ்டஈடு கேட்டு கட்டடக் கம்பெனி, கான்ட்ராக்டு எடுத்த கொத்தனார் மாசானத்தின்மேல் வழக்குப் போட்டது.

"கோர்ட்டுல வந்து நின்னாப் போதும் அண்ணாச்சி, எங்க வக்கீல் பேசிக்கிடுவார். வரலன்னா பாலிசி செல்லாது, வீடு போயிரும்" என்று அவர் வேலைக்கு பாலிசி போட்டிருந்த இன்சூரன்ஸ்காரர் படித்துப் படித்துச் சொன்னார். மாசானம் அவரையும் நம்பவில்லை. சம்மனை வாங்க மறுத்தார். கோர்ட்டு அமீனா அதை வாசலில் இரண்டு கதவையும் சேர்த்து ஒட்டிவிட்டுப் போனார்.

கதவைத் திறந்தால் தாள் கிழியும். கிழித்தால் சம்மனை வாங்கியதாகிவிடும் என்பது மாசானத்தின் கணக்கு. அன்றிலிருந்து அவரும் மனைவி மூக்கம்மாவும் உள்ளேயே கிடந்தார்கள். அரிசியும் கருவாடும் ஜன்னல் கம்பி வழியே வந்தன.

"ஊருக்கெல்லாம் வீடு கட்டுனீயளே, நம்ம வீட்டுக்கு ஒரு புறவாசல் வச்சீயளா?" என்றாள் மூக்கம்மா.

வாய்தா நாளன்று அவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, சாயங்காலம்வரை கதவைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார்.

மறுமாதம் வெளியே அமீனா பசை தடவும் சத்தம் கேட்டது.

"என்னவே ஒட்டுதீரு?"

"தீர்ப்பு, பெரியவரே. நீங்க வராததால கம்பெனி ஜெயிச்சுட்டு. வீடு ஜப்திக்குப் போவுது. இனி அந்தப் பழைய தாளு கிழிஞ்சாலும் ஒண்ணுமில்ல, வெளிய வாங்க."

மூக்கம்மா தாழ்ப்பாளில் கை வைத்தாள். மாசானம் அந்தக் கையை இறுகப் பிடித்தார்.

"திறக்காதட்டி. கிழிக்க வைக்கத்தான் இப்படிச் சொல்லுதான்."