ஆயிரத்து அறுநூறு வாட்

"ஐந்நூறு வாட்டா? அக்கா, அது டீ கெட்டிலுக்கே பத்தாது. உங்க வீட்டுக்காரர் கேம்ல டிராகனோட மல்லுக்கட்டுற நேரத்துல கம்ப்யூட்டர் அணைஞ்சு போச்சுன்னா, அப்புறம் உங்களோடதான் சண்டைக்கு வருவார்."

சமாரா சிரித்துவிட்டாள். சிரித்தவர்கள் வாங்காமல் போவதில்லை என்பது கடைக்காரன் மெலிஸின் அனுபவம்.

பிஷ்கெக் நகரத்துக் கம்ப்யூட்டர் பஜாரில் கேம் ஆடுகிறவர்கள் மெலிஸை நம்பிய அளவுக்கு டாக்டரைக்கூட நம்பியதில்லை. எந்த நோயோடு வந்தாலும் அவன் எழுதித் தரும் மருந்து ஒன்றுதான்: கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி, ஆயிரத்து அறுநூறு வாட் பவர் சப்ளை.

சமாரா பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். ஆட்டுச் சந்தையில் ஆட்டின் கொழுத்த வாலை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் விலையே பேசுகிற ஊர் இது. கனம் பொய் சொல்லாது என்று எல்லோருக்கும் தெரியும்.

"யப்பா, என்ன கனம்!" என்று திருப்தியோடு வாங்கிக்கொண்டு போனாள்.

அவள் விலகிய இடத்தில் ஒரு போலீஸ் தொப்பி தெரிந்தது.

மின்திருட்டுத் தடுப்புப் பிரிவின் கேப்டன் ஷைலோபெக். எப்போதும் நாலு பேரோடு வருகிறவர், இன்று தனியாக வந்திருந்தார். வலது கையில் பெரிய கட்டு. இடது புருவத்தில் பாதியைக் காணவில்லை.

"கைக்கு என்ன ஆச்சு, கேப்டன்?"

"டீ கொதிக்கிற சமோவர் கவிழ்ந்துடுச்சு."

சமோவர் எப்படிப் புருவம் வரை ஏறியது என்று கேட்க மெலிஸுக்குத் தைரியம் வரவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

அந்தக் குளிர்காலத்தில் அணையில் தண்ணீர் இல்லை. அதனால் ஊரில் கரண்டும் இல்லை. பழி முழுவதும் திருட்டு மின்சாரத்தில் இரவும் பகலும் மெஷின் ஓட்டிப் பிட்காயின் தோண்டுகிறவர்கள் தலையில் விழுந்தது. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று போலீசுக்குத் தெரியவில்லை. ஆகவே, இருக்கும் இடம் தெரிந்தவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மெலிஸ் டீ ஊற்றினான். கவனமெல்லாம் கேப்டனின் புருவத்தில் இருந்ததில் கிண்ணம் விளிம்பு வரை நிறைந்துவிட்டது.

கேப்டன் கிண்ணத்தையே பார்த்தார். "வந்தவனுக்கு வழிய வழிய ஊத்தினா, குடிச்சிட்டுக் கிளம்புன்னுதானே அர்த்தம்?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க. கை தவறிடுச்சு."

கேப்டன் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். பிறகு கேட்டார்.

"ரெண்டு வாரம் முன்னாடி நீல லாரியில ஒருத்தன் வந்து, உன் கடையில இருந்த ஆயிரத்து அறுநூறு வாட் பெட்டி மொத்தத்தையும் அள்ளிட்டுப் போனான். ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க. தோக்மோக் டவுன்ல கேம் சென்டர் வைக்கப்போறேன்னு சொன்னான்."

"போன வாரம் தோக்மோக் பக்கத்துல ஒரு கொட்டகை எரிஞ்சு போச்சு. உள்ள பூரா பிட்காயின் மெஷின். கருகாம மிஞ்சின ஒரு பெட்டியில உன் கடை ஸ்டிக்கர்."

அப்படி ஒரு தீ விபத்தை மெலிஸ் எங்கும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

"கேம் கம்ப்யூட்டருக்கு இத்தனை வாட் எதுக்குடா? நாங்க மீட்டர் வச்சே பார்த்துட்டோம். எவ்வளவு பெரிய கேம் ஓடினாலும் நானூறைத் தாண்ட மாட்டேங்குது. அப்ப நீ இதை யாருக்கு விக்கிற? பிட்காயின் மைனிங் கும்பலுக்கு. நீயும் கூட்டாளி. ஏழு வருஷம் உள்ள இருக்கணும்."

"சத்தியமா நான் கூட்டாளி இல்லீங்க!"

"அப்ப நிரூபி."

மெலிஸ் கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தான். ஒரு பக்கம் ஏழு வருடச் சிறை. இன்னொரு பக்கம் அபராதமும் கொஞ்சம் அவமானமும். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான்.

ஒரு பெட்டியைக் கழற்றிக் கேப்டன் முன்னால் வைத்தான். உள்ளே ஒரு மூலையில் சின்னதாக ஒரு பவர் சப்ளை. மீதி இடம் முழுக்கப் பசை போட்டு ஒட்டிய இரும்புக் கட்டி.

"இவ்வளவுதாங்க என் தொழில். நிஜத்துல இது ஐந்நூறு வாட்டு. மிச்சமெல்லாம் கனத்துக்கு. கேம் ஆடுற எவனுக்கும் ஐந்நூறுக்கு மேல தேவைப்பட்டதே இல்ல. அதனாலதான் இன்னிக்கு வரைக்கும் ஒருத்தன்கூடத் திரும்பி வந்து சட்டையைப் பிடிச்சதில்ல. இதுல போய் மைனிங் பண்ணினா ஒரே ராத்திரியில பத்திக்கும். அந்தக் கும்பல் என்னைக் கூட்டுச் சேர்க்குமா, சொல்லுங்க? நான் வெறும் ஏமாத்துக்காரன், கேப்டன், குற்றவாளி இல்ல!"

தன் நேர்மையை இவ்வளவு உருக்கமாக அவன் யாரிடமும் எடுத்துச் சொன்னதில்லை.

கேப்டன் இரும்புக் கட்டியைக் கட்டுப் போடாத கையில் வைத்து எடை பார்த்தார். எழுந்து போய்க் கடைக் கதவை உள்பக்கம் தாழிட்டார். திரும்பி வந்து, தளும்பிய கிண்ணத்தை வாளியில் கவிழ்த்தார். அதில் ஒரே ஒரு வாய் அளவு டீ ஊற்றி, மெலிஸ் பக்கம் நகர்த்தினார். இப்போதைக்கு யாரும் கிளம்புவதாக இல்லை.

நல்ல வேளை, நம்பிவிட்டார் என்று மெலிஸ் பெருமூச்சு விட்டான்.

"அந்த நீல லாரி என் மச்சானோடது," என்றார் கேப்டன், கைக்கட்டைத் தடவிக்கொண்டே. "இத்தனை வருஷத்துல உன்கிட்ட வாங்கினவங்கள்லயே, நிஜமா ஆயிரத்து அறுநூறு வாட் தேவைப்பட்டவன் நான் ஒருத்தன்தான்டா, மெலிஸ்."