புளியங்கட்டைக்குள் இருந்த ஆணி

கோடாலி கட்டையில் இறங்காமல் ணங்கென்று எகிறியது.

கணுவாக இருக்கும் என்று நினைத்தேன். கட்டையைப் புரட்டிப் போட்டு, வெடிப்பு விட்டிருந்த இடத்தில் ஆப்பை வைத்து, சம்மட்டியால் நாலு போடு போட்டேன். புளி லேசில் பிளக்காது. வாரமெல்லாம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்திவிட்டு, சனி ஞாயிறு இந்தத் தோட்டத்து வீட்டுக்கு வந்து விறகு பிளப்பதுதான் எனக்கு உடற்பயிற்சி. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே.

இன்றைக்கு உடற்பயிற்சி இல்லை. நாளைக்கு என் மகள் திரிஷாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். விறகடுப்பில் பிரியாணி என்று சொல்லி வைத்திருக்கிறேன். வீரபாண்டித் திருவிழா முடிந்த கையோடு வாருங்கள் என்று நாள் சொன்னதும் நான்தான். பையனுக்கு பெங்களூரில் வேலை, ஊரில் திராட்சைத் தோட்டம், வீட்டுக்கு ஒரே பிள்ளை. இதைவிட என்ன வேண்டும்?

திரிஷா முந்தாநாளிலிருந்து சாப்பிடவில்லை. உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு வேண்டாம் என்ற ஒரே சொல்லையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

காலையில் மச்சினன் மாரிசெல்வத்திடம் போனில் புலம்பினேன். "பிள்ள எதையாச்சும் பாத்துப் பயந்திருக்கும் மாமா, கோடாங்கியக் கூட்டிட்டு வரவா?" என்றான்.

பார்ப்போம் என்றேன். கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்தக் கட்டைகளும் அவன் அனுப்பியவைதான். ரோட்டை அகலப்படுத்தும்போது அவன் ஊர்க் கருப்பசாமி கோவில் புளியமரத்தை வெட்டினார்கள். ஒரு குட்டியானை வண்டி நிறைய ஏற்றிவிட்டான். ஆணியெல்லாம் பிடுங்கியாயிற்று என்று சத்தியம் செய்தான்.

அந்த மரத்தில் ஆணி இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். பேய் பிடித்த பெண்களை அங்கேதான் கொண்டுபோவார்கள். கோடாங்கி உடுக்கை அடித்துப் பேயின் பெயரைக் கேட்பார். பெயரைச் சொன்னதும், தலைமுடியில் ஒரு கொத்தைப் பிடித்து மரத்தோடு வைத்து ஆணி அடித்துவிடுவார். பிறகு பெண்ணை வெடுக்கென்று இழுப்பார்கள். முடி மரத்தில் நின்றுவிடும், பேயும் அங்கேயே நின்றுவிடும் என்பது நம்பிக்கை.

கட்டை பிளந்தது.

உள்ளே துருப்பிடித்த ஆணி. மரம் அதை விழுங்கி மேலே வளர்ந்திருக்கிறது. ஆணியைச் சுற்றி ஒரு கொத்து முடி. நரைக்காத முடி.

சம்மட்டியைக் கீழே வைத்தேன்.

என் மனைவி பூமாரியையும் அந்த மரத்தடிக்குத்தான் கொண்டுபோனார்கள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், எங்கள் கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது. கல்யாணப் புடவையைக் கண்டாலே வேண்டாம், வேண்டாம் என்று கத்தினாளாம். ஆணி அடித்தபின் அடங்கிவிட்டாள். அன்றிலிருந்து நான் எதைச் சொன்னாலும் சரிங்க என்பாள். நாளைக்கு வருகிறவர்களைப் பற்றிச் சொன்னபோதும் சரிங்க என்றுதான் சொன்னாள். கொடுத்துவைத்தவன் என்று என்னைச் சொல்லாத ஆளில்லை.

என்னை வேண்டாம் என்றது ஒரு பேய்தான் என்று நானும் நம்பினேன். இயற்பியல் நடத்துகிறவன், வெட்கமில்லாமல் நம்பினேன். ஒரு பெண் என்னை வேண்டாம் என்றாள் என்று நினைப்பதைவிட அது எனக்குச் சுகமாக இருந்தது.

முடியை அடுப்பில் போட்டுவிடலாம் என்று உருவி எடுத்தேன். நிமிர்ந்தால், பூமாரி மோர்ச் சொம்போடு நிற்கிறாள்.

என் கையைப் பார்த்தாள். சொம்பைக் கட்டைமேல் வைத்தாள். அவள் கை தானாகத் தலைக்குப் போனது. உச்சிக்குக் கொஞ்சம் பின்னால், காசளவுக்கு முடி முளைக்காத இடம் ஒன்று அவளுக்கு உண்டு. அதைத் தொட்டுப் பார்த்தாள்.

பிறகு என் கையிலிருந்து முடியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"நாளைக்கு அவுகள வரவேணாம்னு சொல்லிருங்க. எம்மகளுக்கு இஷ்டமில்ல."

சத்தம்கூடப் போடவில்லை. ஆனால் வேணாம் என்ற சொல்லை இத்தனை வருடத்தில் அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. இந்தக் குரலையும் கேட்டதில்லை. பயந்துபோனேன், மறைப்பானேன்.

கோடாங்கி கேட்பதுபோல என் வாயும் கேட்டுவிட்டது. "யாரு நீ?"

"பூமாரி" என்றாள்.

அன்றைக்கு மரத்தடியில் கோடாங்கி மூன்று தடவை கேட்டபோதும் பேய் இந்தப் பெயரைத்தான் சொன்னதாம். மாரிசெல்வம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறான். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.