கட்டுப் போட்ட கை

"கை மட்டும் நல்லா இருந்தா உங்க வாசல்ல வந்து நிப்பேனாண்ணே? நானே வண்டிய எடுத்துட்டுப் போயிருப்பேன்."

காக்கிச் சட்டைக்காரன் தன் இடது கையைத் தூக்கிக் காட்டினான். முழங்கை முதல் விரல் நுனி வரை துண்டால் சுற்றிக் கட்டியிருந்தது. பெயர் மிக்கேல்ராஜ், மேல் எஸ்டேட்டுக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது, இருபது வருஷமாக லாரி ஓட்டுகிறேன் என்றான்.

மேல் எஸ்டேட்டிலிருந்து கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்த அவன் மனைவி ரோசி வாசலில் துடித்துக்கொண்டிருந்தாள். தலைப்பிரசவம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, கீழே கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். தூக்கி வந்த நாலு பேரும் அவன் கைக்கட்டையே பார்த்தபடி நின்றார்கள்.

மற்ற ஜீப்புகளெல்லாம் ஏலக்காய் ஏலத்துக்குச் சரக்கு ஏற்றிப் போய்விட்டன. வண்டன்மேட்டில் அன்றைக்கு மிஞ்சியது ஒரே ஒரு ஜீப், ஓட்டத் தெரிந்த ஒரே ஒரு சகாயம்.

அந்தச் சகாயம்தான் கதவு நிலையைப் பிடித்தபடி வியர்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் கம்பம்மெட்டு இறக்கத்தில், பாறை வளைவில், இதே ஜீப்பை அவன்தான் கவிழ்த்தான். பின்னால் இருந்த அன்னாள் என்கிற கூலிக்காரப் பெண் அந்த இடத்திலேயே போய்ச் சேர்ந்தாள். பிரேக் போனதுதான் காரணம், டிரைவர் மேல் தப்பில்லை என்று போலீஸ் எழுதிக் கொடுத்தது. போலீஸ் எழுதினால் ஆயிற்றா? சகாயத்தின் கால் அதை நம்ப வேண்டாமா?

ஹாரன் சத்தம் கேட்டாலே அந்தக் கால் மரத்துப்போகும். முதலாளி பிரேக்கை மாற்றி வைத்தும் வண்டியை விட்டுவிட்டு, ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரில் விறகு தள்ளப் போய்விட்டான். அங்கே வளைவும் இல்லை, பள்ளமும் இல்லை.

"என்னால ஆகாதுண்ணே. இன்னொரு பொம்பளையக் கொல்லச் சொல்றீங்களா?" என்றான்.

"நீங்க தனியாவா ஓட்டப் போறீங்க? பக்கத்துல நான் இருக்கேன்ல. கியர் போடுற கைதான போச்சு, ஸ்டீயரிங்கப் பிடிக்க இந்தக் கை போதும். உங்களுக்குக் கால் உதறுச்சுன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் பிடிச்சுக்கிடுதேன்."

சகாயத்தின் மனைவி இருதயம்மாள் அதற்குள் முதலாளி வீட்டுக்கு ஓடிச் சாவியை வாங்கி வந்திருந்தாள். அவன் கையில் அதைத் திணித்துவிட்டு, ரோசியோடு பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

கம்பம்மெட்டு செக்போஸ்டைத் தாண்டியதும் ரோடு கீழே விழுந்தது. சகாயம் முதல் வளைவிலேயே வண்டியை நிறுத்திவிட்டான்.

"செகண்டுல எறக்கட்டுமா, தேர்டு போதுமாண்ணே?"

"உங்களுக்கு எது தோதோ அதப் போடுங்க. ரோட்ட மட்டும் பாருங்க. இது முடிஞ்சதும் இடக்கைப் பக்கம் ஒரு பலாமரம் வரும். அது வரைக்கும் போனாப் போதும்."

பலாமரம் வந்தது. அடுத்தாற்போல் உடைந்த மைல்கல் வரைக்கும் என்றான் மிக்கேல்ராஜ். பிறகு ஒற்றைப் பனை வரைக்கும். ரோட்டை இப்படி மனப்பாடமாக வைத்திருக்கிற டிரைவர் பக்கத்தில் இருக்கும்போது என்ன பயம் என்று சகாயம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பாதி நம்பினான்.

பாறை வளைவு வந்தது. கால் மரத்துவிட்டது. பின்னால் ரோசி வீறிட்டாள். அவனுக்கு அன்னாளின் குரல்தான் கேட்டது.

"அண்ணே, பிடிங்க! என்னால முடியல!"

"பிடிக்கேன், பிடிக்கேன். இந்தப் பாறையில தண்ணி சொட்டுது பாத்தீங்களா? எப்பவும் இங்கன நின்னு ரெண்டு வாய் குடிச்சாத்தான் எனக்கு மிச்ச தூரம் போகும். நீங்க திருப்பிட்டே இருங்க... நான் பிடிக்கேன்... இன்னும் கொஞ்சம்..."

வண்டி குலுங்கியதில் ரோசி நழுவினாள். மிக்கேல்ராஜ் சட்டென்று திரும்பி, கட்டுப் போட்ட கையாலேயே அவளைத் தாங்கிக்கொண்டான். சகாயம் எதையும் பார்க்கவில்லை. அவன் கண்ணில் ரோடு மட்டும்தான் இருந்தது. வளைவு முடிந்தபோது ஸ்டீயரிங்கில் இருந்தவை அவன் கைகள் மட்டும்தான்.

கம்பத்து ஆஸ்பத்திரியில் ரோசியை உள்ளே கொண்டுபோனார்கள். இருதயம்மாளும் கூடவே போனாள். வெளியே இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து நர்ஸ் வந்து, அறுத்துத்தான் எடுத்தோம், தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள் என்றாள். மிக்கேல்ராஜ் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

சகாயமும் அழுதான். அழுது முடித்ததும், மேலே திரும்பிப் போக வேண்டுமே என்கிற நினைப்பு வந்தது.

"உங்க தைரியத்துலதாண்ணே எறங்குனேன். ஏத்தத்துல நீங்க பிடிங்க, கியர நான் போட்டுக் குடுக்கேன்" என்று சாவியை நீட்டினான்.

மிக்கேல்ராஜ் சாவியை வாங்கவில்லை. தலையைக் குனிந்தபடி கையில் சுற்றியிருந்த துண்டை மெள்ள அவிழ்த்தான். உள்ளே ஒரு கீறல்கூட இல்லை.

"மன்னிச்சிருங்கண்ணே, நான் எஸ்டேட்டுத் தபால்காரன். தெனமும் இந்த ரோட்டுல பையத் தூக்கிட்டு நடக்கிறவன்..." துண்டை மடித்து மடியில் வைத்தான். "எனக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது."