துவக்குக்காரத் தம்பி

“அந்தத் துவக்குக்காரத் தம்பிக்குப் பக்கத்தில போய் நில், பிள்ளை. நான் வாறன்” என்று சொல்லிவிட்டு அம்மா போனை வைத்தார்.

ரியூசன் முடிந்து விடத்தல்தீவுச் சந்தியில் தனியாக நின்றேன். பொழுது பட்டுக்கொண்டிருந்தது.

துவக்கு இல்லாத ஆம்பிளை ஒருவரையும் அம்மா நம்பமாட்டார். கருவாட்டு வியாபாரியின் தராசை நம்பமாட்டார். ரியூசன் சேரைக் கண்டால் “அவற்ற சிரிப்புச் சரியில்லை” என்பார். என்னோடு படிக்கிற றொசாந்தன் கொப்பி வாங்க வந்தால், அவன் திரும்பிப் போகும்வரை விளக்குமாற்றைக் கீழே வைக்கமாட்டார்.

சந்தியிலுள்ள ஆமிக் காவல் சென்றியில், மண்மூட்டைக்குப் பின்னால் துவக்கோடு நிற்கிறவனுக்கு மட்டும் இந்தச் சோதனை எதுவும் இல்லை. அவன் பெயர் என்னவென்றுகூட எங்களுக்குத் தெரியாது. ஆனாலும் அம்மா என்னையே அவனிடம் ஒப்படைத்துவிடுவார்.

அம்மா மட்டுமில்லை, ஊரே அப்படித்தான். நேற்று எமிலியானுஸ் மாமா தன் புது மோட்டார் சைக்கிளை அவன் பொறுப்பில் விட்டுவிட்டுப் பூசைக்குப் போனார். திரும்பி வந்தபோது மோட்டார் சைக்கிள் நின்ற இடத்திலேயே நின்றது. இதைவிடப் பெரிய நற்சான்றிதழ் யாருக்குக் கிடைக்கும்?

பகிடி என்னவென்றால், என் வயதில் அம்மா இதே பச்சைச் சட்டையைக் கண்டு கண்டல் பற்றைக்குள் ஒரு பகல் முழுக்க ஒளித்துக் கிடந்தவராம். கேட்டால், “அது அப்ப. இப்ப கோயிலுக்கே அவங்கள்தானே காவல்” என்பார்.

நான் போய் நின்றேன். மூன்று அடி தள்ளி.

செவ்வாய்க்கிழமையிலிருந்து இவன் நிற்கிறான். புது ஆள். முந்தி எப்போதும் இரண்டு பேர் நிற்பார்கள். இப்போது இவன் மட்டும்தான்.

துவக்கின் வாய் என் புத்தகப்பைப் பக்கம் திரும்பியிருந்தது. கொஞ்சம் அங்கால பிடியுங்கோ என்று சொன்னால் மரியாதையில்லாமல் போய்விடுமோ என்று பையை மற்றத் தோளுக்கு மாற்றினேன்.

குனிந்து அவன் கால்களைப் பார்த்தேன். றப்பர் செருப்பு.

அம்மா சாப்பாட்டுப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். எங்கள் வீட்டுக் கறிமீனில் ஒரு பங்கு எப்போதும் சந்திச் சென்றிக்குத்தான். இந்த வருடம் மட்டும் நான்கைந்து பேர் மாறி மாறி வந்துவிட்டார்கள். அம்மாவுக்கு எல்லோரும் ஒரே தம்பி.

“சாப்பிடுங்கோ தம்பி. பாரைமீன் குழம்பு. உங்களுக்காக உறைப்புக் குறைச்சுத்தான் போட்டனான்.”

“உங்கட கையால எண்டா உறைப்பும் இனிக்கும் அக்கா.”

அம்மா பூரித்துப் போனார். “அட, உங்களுக்குத் தமிழ் எவ்வளவு வடிவா வந்திட்டுது! போன கிழமை சிங்களத்தில ‘மீன் ஹொந்தாய்’ எண்டதோட நிப்பாட்டினீங்கள்.”

“அம்மா, அது வேற ஆள்” என்றேன் மெதுவாக. என் கையைக் கிள்ளினார்.

அவன் சிரித்தான். “அண்ணையைக் காணேல்லை?”

“அவர் கடற்கரையில மீன்வாடியில நிக்கிறார். சனிக்கிழமைதான் வருவார். வீட்டில நானும் இவளும்தான். கோயிலுக்குப் பின் ஒழுங்கை, நீலப் படலை. படலைக்குக் கொளுக்கியும் இல்லை, உடைஞ்சு ஒரு மாசம். அதுக்கென்ன, நீங்கள் இஞ்ச நிக்கேக்க எங்களுக்கு என்ன பயம்?”

“ஒரு பயமும் வேண்டாம் அக்கா. நீங்கள் போங்கோ. பெட்டியைக் கழுவி நானே வீட்டை கொண்டுவந்து தாறன்.”

வரும் வழியில் சொல்லிப் பார்த்தேன். “அம்மா, அவன்ர காலில சப்பாத்து இல்லை.”

“நனைஞ்சிருக்கும், காயப் போட்டிருப்பான். குமர்ப்பிள்ளை, ஆம்பிளையின்ர காலை ஏன் பாத்தனீ?”



வீட்டுக்கு வந்து, மேல்கால் கழுவி, செபமாலைக்கு இருந்தோம். மூன்றாவது பத்துச் சொல்லும்போது என் மடியில் போன் மினுங்கியது. இர்ஷானா. வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருக்கிறவள். அவளுடைய வாப்பாதான் ஆமி முகாமுக்கு நாளாந்தம் பேக்கரிப் பாண் கொடுக்கிறவர்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். செய்தியைக் கள்ளமாகத் திறந்து பார்த்தேன்.

“வாப்பாட யாவாரம் படுத்திட்டுதுடி. திங்கக்கிழமை விடியவே முகாமை மூடிட்டு எல்லாரும் லொறியில ஏறிப் போய்ட்டாங்களாம். சந்திச் சென்றியையும் எடுத்தாச்சாம். மண்மூட்டை மட்டும்தான் மிச்சமாம்.”

இன்றைக்கு வியாழக்கிழமை.

இன்னொரு தடவை வாசித்தேன். “அம்மா” என்றேன். போனைத் திருப்பி அவருக்கு முன்னால் நீட்டினேன். செபம் முடியட்டும் என்பதுபோல் கண்ணைத் திறக்காமலே கையால் தள்ளிவிட்டார்.

வெளியே படலை கிறீச்சிட்டது.

றப்பர் செருப்பின் சத்தம் மணலில் நடந்து வந்து வாசலில் நின்றது.

அம்மா சொல்லிக்கொண்டிருந்த மணியை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எண்ணிக்கை தவறக் கூடாதல்லவா.

“பெட்டி கொண்டந்திட்டான் போல. பாவம், சொன்ன சொல் தவறாத பொடியன். எழும்பிக் கதவைத் திற, பிள்ளை.”